இறுக்கச் சொன்ன தூக்குக்குண்டு

நான் சாரத்திலிருந்து விழுந்த அன்று என் மனைவி ஓடி வந்ததும் அழவில்லை. முதலில் குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை மோந்து பார்க்க வைத்தவர் எங்கள் காண்ட்ராக்டர். நான் தரையில் கிடக்கும்போதே, கூடி நின்றவர்களிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது. "சாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இவன்தான் தண்ணியப் போட்டுட்டு ஏறிட்டான்."

நான் குடித்ததே இல்லை. சாரம் கட்டியிருந்த கயிறு இற்றுப்போனது. முந்தின நாளே அவரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் தாங்கும், ஏறு" என்றார். மறுநாள் காலை டீ நேரம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. இடது கையில் தோளும் முழங்கையும் அசையும், விரல்கள் அசையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலங்கைமான் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஊர். "குடிச்சுட்டு விழுந்தாரே, அந்தக் கொத்தனார்" என்பது எனக்கு விலாசம் ஆகிவிட்டது. அன்று நான் எழுப்பிக்கொண்டிருந்த சுவர் இன்றைக்கும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கலாம், நூல் பிசகாது. குடித்தவன் கட்டின சுவரா அது? இதைச் சொன்னால் பாவமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். குறுவை நேரத்தில் சுற்று வட்டாரத்துப் பம்புசெட் மோட்டார் எல்லாம் என் வாசலில்தான் கிடக்கும். ஒரு கையால் எப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்பார்கள். பல் எதற்கு இருக்கிறது?

காண்ட்ராக்டர் இதற்குள் பெரிய ஆளாகிவிட்டார். கும்பகோணம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம், அதை ஒட்டி ஒரு விளையாட்டுக் கூடம். சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு மாலிலிருந்து ஒரு பின்பால் மெஷினை வாங்கி வந்து வைத்திருந்தார். சாய்வான கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரும்புப் பந்து ஓடும். அது கீழே விழாமல், பெட்டியின் இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களை அழுத்தி இரண்டு துடுப்புகளால் மேலே தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் அதில் ஒரு காயில் கருகிவிட்டது. தஞ்சாவூரில் யாரும் தொடவில்லை. கடைசியில் மண்டபத்து மேனேஜர் என்னைத் தேடி வந்தார்.

மண்டபத்து வாசலில் ஐந்து படி. சரிவுப்பாதை கிடையாது. கல்யாணத்துக்கு வந்த நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மெஷினைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஒரு ஓரமாகத் தூக்குக்குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளையத்துக்கு நடுவே தொங்கும். பெட்டியை யாராவது குலுக்கினால் குண்டு வளையத்தில் படும். பட்டால் துடுப்புகள் செத்துப்போகும், பந்து கீழே உருண்டு போய்விடும். ஏமாற்றிக் குலுக்குகிறவனுக்குத் தண்டனை.

காண்ட்ராக்டர் வந்து எட்டிப் பார்த்தார். நலம் விசாரித்தார். நானும் நலம் என்றேன்.

"பயலுவ மெஷினப் போட்டுக் குலுக்குறானுவ. அந்தக் குண்டை நல்லா இறுக்கி வைடா."

"எவ்வளவு இறுக்கணும் முதலாளி?"

"தொட்டாலே நிக்கணும்."

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு நெல் போகிற இடைவெளி இருந்தது. ஒரு முடி போகிற அளவுக்குக் குறைத்தேன்.

கூலிக்குப் பதிலாக ஒன்று கேட்டேன். என்னைப் போன்றவர்களும் ஆடுகிற மாதிரி இதை மாற்றித் தருகிறேன், அனுமதி வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பேப்பர்காரனைக் கூப்பிடலாம், போர்டு வைக்கலாம் என்றார். படியை இடித்துச் சரிவுப்பாதை போடவும் அப்போதே சம்மதித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு வேறு எண்ணம் இல்லை. நாற்காலியில் இருப்பவனுக்குக் கண்ணாடி தெரிய வேண்டும் என்று மெஷினின் நான்கு காலையும் அறுத்துக் குட்டையாக்கினேன். சாய்வு மாறாமல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பந்தை ஏவ ஸ்பிரிங்கை இழுக்க வேண்டியதில்லை, ஒரு காயிலைச் சுற்றிப் போட்டேன், அதுவே உதைத்துத் தள்ளும். பிறகு இரண்டு காலிங் பெல் ஸ்விட்ச் வாங்கி, துடுப்புப் பொத்தான்களிலிருந்து ஒயர் இழுத்து, இரண்டையும் பெட்டியின் முன்பக்கத்தில் பொருத்தினேன். இடது முழங்கையால் ஓங்கி அழுத்தினேன். மெஷின் அதிர்ந்தது, குண்டு வளையத்தில் பட்டது, ஆட்டம் போச்சு. திரும்பத் திரும்ப அதே கதை. நான் இறுக்கிய குண்டு என்னையே விடவில்லை.

சரி என்று ஸ்விட்சுகளைக் கழற்றி, ஒயரை நீட்டி, நாற்காலியின் கைப்பிடிகளில் வைத்தேன். இடது முழங்கைக்கு ஒன்று, வலது கட்டைவிரலுக்கு ஒன்று. எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இரண்டு கையும் இல்லாத ஒரு அக்கா இருக்கிறார். அவருக்குத் தோளுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன், கன்னத்தால் அழுத்தி ஆடினார். எவ்வளவு நேரம் ஆடினாலும் குண்டு அசையவில்லை. அசைய வழியே இல்லை, நாங்கள் மெஷினைத் தொடவே இல்லையே.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் இல்லை. காண்ட்ராக்டர் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொத்தானை அறைவார், இடுப்பால் மெஷினை இடிப்பார். குண்டைத் தளர்த்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தளர்த்தவில்லை.

திறப்பு விழாவுக்கு நிருபர் வந்தார். அன்று முகூர்த்த நாள், மண்டபம் நிறையக் கூட்டம். என் மனைவிதான் புதிய சரிவுப்பாதையில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போட்டோவுக்காக என்னோடு ஒரு ஆட்டம் ஆடுவதாகக் காண்ட்ராக்டர் சொன்னார்.

"சும்மா ஆடக்கூடாது முதலாளி. நான் ஜெயிச்சா நீங்க ஒரு உண்மையச் சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு" என்று சிரித்தார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஆளுக்கு மூன்று பந்து. அவருடைய முதல் பந்து மேலே போய்த் திரும்புவதற்குள் பொத்தானை அறைந்தார். குண்டு வளையத்தில் பட்டு விளக்கு அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பைக் கொடுத்தார். பந்து அவர் கண்ணெதிரே உருண்டு குழிக்குள் போயிற்று. நான் முழங்கையாலும் கட்டைவிரலாலும் ஆடினேன். என் முதல் பந்து விழுவதற்கு முன்பே அவருடைய மொத்தப் புள்ளியையும் தாண்டிவிட்டேன். மீதி இரண்டையும் வேண்டுமென்றே நிதானமாக ஆடினேன். அவர் நின்று பார்க்கட்டும் என்று ஆடினேன்.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இவன் ஏதோ பண்ணிட்டான்."

"நீங்க சொன்ன அளவுதான் முதலாளி. தொட்டாலே நிக்கணும்னீங்க, மேனேஜரக் கேளுங்க." மேனேஜர் தரையைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் தண்ணியப் போட்டுட்டு வந்துட்டீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காண்ட்ராக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் குடிக்க மாட்டார், அது ஊருக்கே தெரியும்.

"நான் குடிச்சத நீ பாத்தியாடா?"

"நான் குடிச்சத நீங்க பாத்தீங்களா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாதஸ்வரம்கூட நின்றிருந்தது, இலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. காண்ட்ராக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கயிறு பழசுதான் என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"இவன் அன்னிக்குக் குடிக்கல. கயிறு இத்துப்போயிருந்துச்சு. போதுமா?"

போதாது. ஆனால் ஆமாம் என்றேன். மறுநாள் பேப்பரில் போட்டோ மட்டும் வந்தது, அந்த வாக்கியம் வரவில்லை. குண்டைத் தளர்த்திக் கொடுக்கச் சொல்லி மேனேஜர் இப்போதும் போன் செய்கிறார். மோட்டார் வேலை அதிகம், வருகிறேன் என்கிறேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் ஓரமாக என் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"அன்னிக்கு உங்க வாயில ஒரு வாசமும் வரலங்க."

அவள் அந்த நாளைப் பற்றிப் பேசுவது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மோந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். சாட்சியும் அவள் ஒருத்திதான்.

"வரலன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னை யாரும் கேக்கலீங்களே."

"இப்ப நான் கேக்குறேன். நாளைக்கு ரேஷன் கடை வரிசையில போய்ச் சொல்லு."

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டதா என்று கேட்டேன்.