வடித்து வைத்த சாதம்: கரமனைக்கு ஒரு நாள்

எழுபது வருஷத்துக்கும் மேலாக என் அப்பா தவறான நாளில் திவசம் செய்து வருகிறாரோ என்ற சந்தேகம்தான் என்னைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துப் போனது. போன தை மாதம், ஒரு சனிக்கிழமை.

தாத்தா மகாதேவன் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்தார். இரண்டு பேர் மட்டும் போகிற குண்டுவீச்சு விமானம். பின்னிருக்கையில் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்து வயர்லெஸ்ஸையும் துப்பாக்கியையும் கவனிப்பது அவர் வேலை. பர்மா எல்லையில் ஒரு நாள் போனவர் திரும்பவில்லை. அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. இறந்த நாள் தெரியாததால், தந்தி வந்த தேய்பிறை தசமியையே வீட்டில் திதியாக வைத்துக்கொண்டார்கள். நான் தேடிய பதிவேடுகளிலும் மாதத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒரு வருஷமாவது சரியான நாள்ல பண்ணிட்டுப் போயிடறேண்டா" என்று எண்பத்து மூன்று வயதில் அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். அதை இந்த வலைப்பக்கத்தில் எழுதினேன். கீழே ஒரு பெண்மணி குறிப்பு போட்டிருந்தார்: 'அதே படைப்பிரிவில் என் அப்பா மெக்கானிக். அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. திருவனந்தபுரம் கரமனைக்கு வாருங்கள்.'

நாகர்கோவிலில் காலை ஆறரை மணி பாசஞ்சர். இரண்டு மணி நேரம், இருபது ரூபாய். குழித்துறை தாண்டியதும் பனி இறங்கி, தென்னைகள் அடிமரம் இல்லாமல் நின்றன. ரயில் ஓடுகிற திசைக்கு முதுகைக் காட்டி அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவும் இப்படித்தான், விட்டுவந்த இடங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு போயிருப்பார் என்று தோன்றியது. பாறசாலையில் டீக்காரர் எழுப்பியிராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பறந்திருப்பேன்.

ரயில் நிலையம் இருக்கிற தம்பானூரிலிருந்து கரமனை மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். ஓட்டுநர் மார்த்தாண்டத்துக்காரர். "ஆத்துப் பக்கத்துத் தெருதானா சாரே? உள்ள வரெ வண்டி போவும், நடக்காண்டாம்" என்றார்.

குறிப்பு போட்ட பார்வதி அம்மா கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மொதல்ல காப்பி குடியுங்கோ. நோட்டு எங்கயும் ஓடிடாது" என்றார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு நோட்டைக் கேட்டு வாங்கினேன்.

பென்சிலில் எழுதிய தமிழ். முகாமில் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இரண்டே பேர், தாத்தாவும் மெக்கானிக் நீலகண்டனும். கூடாரத்துக்குப் பின்னால் தனியாகச் சமைத்துக்கொள்வார்களாம். கடைசி நாள் மத்தியானம் விமானத்தில் ஏறும்போது தாத்தா, "சாதம் வடிச்சு வை, வந்துடறேன்" என்றிருக்கிறார். அதற்குக் கீழே மூன்று வரிகள்: 'மாசி. முழு நிலா எழும்பிற்று. சாதம் ஆறிப்போயிற்று.'

மாசிப் பௌர்ணமி. திதி கிடைத்துவிட்டது. முழு நிலவில் போனவருக்கு இத்தனை வருஷமும் தேய்பிறையில் பிண்டம் வைத்திருக்கிறோம். துக்கமா நிம்மதியா என்று தெரியாமலே அந்தப் பக்கத்தை ஃபோனில் படமெடுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்றார் பார்வதி அம்மா. "மாசிப் பௌர்ணமி அன்னிக்கு நிலா உதிக்கற வரைக்கும் அப்பா சாப்பிட மாட்டார், கேட்டேளா. ரெண்டு இலை போடச் சொல்லி ஒக்காந்துண்டிருப்பார். ஏதோ விரதம்னு நெனச்சோம். அவர் போனப்பறம் நானும் அப்படியே இருக்கேன், காரணம் தெரியாமலே. போன வருஷம் வீட்டை ஒழிக்கறச்சேதான் நோட்டு கெடச்சது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் இன்னொரு காப்பி கொண்டுவந்தார்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விமானத்தில் போனவரைப் பற்றி அறிய, தரையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களையும் விசாரியுங்கள். பென்சில் எழுத்தை ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படமெடுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். பிறகு, "அந்த மெக்கானிக் என்ன கோத்திரம்?" என்று கேட்டார். நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"ஃபோன் பண்ணிக் கேளு. மாசிக்கு அவருக்கும் சேத்து எள்ளும் தண்ணியும் விடணும். அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லு, இந்த வருஷம் காத்துண்டிருக்க வேண்டாம், நேரத்தோட சாப்பிடட்டும். எங்கப்பா இங்க வந்து சாப்பிட்டுப்பார்."