காணாமல் போன ஸ்கூட்டரும் என் இதயமும்

போன வருடம் ஆனி மாதம், என் பாத்திரக்கடைப் பரணிலிருந்து ஓர் அண்டாவை இறக்கியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. கண் இருட்டியது. வயது ஐம்பத்து மூன்று. அப்பா இதே வயதில்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

திருச்சியில் டாக்டர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "வருஷக்கணக்கா உக்காந்தே இருந்ததுல இதயம் விறைச்சுக்கிட்டு வருதுங்க. மாத்திரை மட்டும் போதாது. தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டுங்க. இந்த வயசுல ஆரம்பிச்சா சரி பண்ணலாம்" என்றார்.

நான் நம்பவில்லை. அவரும் லேபுக்காரரும் கூட்டு என்று நினைத்தேன். ஆனால் பயம் விடவில்லை. பெருமாள் சன்னதியில் நின்று அழுதேன். "ரங்கநாதா, பொண்ணு கல்யாணத்தைப் பாக்குற வரைக்குமாவது என்னைக் காப்பாத்து." அழுதுவிட்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பினேன். வீடு அம்மா மண்டபம் ரோட்டில், பாத்திரக்கடை ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில். நடந்தால் கால் மணி நேரம். நான் நடந்ததே இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று, வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் காணோம்.

இதுதானா உன் பதில் என்று பெருமாள்மேலேயே கோபம் வந்தது. மாடியில் குடியிருப்பவரைச் சந்தேகப்பட்டேன். மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன். "ஏறுங்க சார்" என்று சிரித்த ஆட்டோக்காரர்மேல் இன்னும் அதிகச் சந்தேகம். புதிதாக வாங்கினால் அதையும் தூக்கிவிடுவார்கள் என்று வாங்கவில்லை. போலீஸ்மேலும் நம்பிக்கை இல்லை. என் மனைவி கோமதி மட்டும், "விடுங்க, பெருமாள் பாத்துப்பார்" என்றாள். ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்தப் பேச்சைச் சந்தேகப்படவில்லை.

நானே தேடினேன். தினமும் கடை திறக்கும் முன் உத்திர வீதி, சித்திரை வீதி என்று நடந்து, நிற்கிற ஸ்கூட்டரையெல்லாம் குனிந்து பார்த்தேன். முதலில் வீதிக்கு வீதி நின்று மூச்சு வாங்கினேன். மார்கழியில், என்னுடையதைப் போலவே சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்றைக் கொள்ளிடக்கரை வரை விரட்டிப் போனேன். ஓட்டியவர் கோயில் கைங்கரியக்காரர். "என்ன ஸ்வாமி, இப்படி ஓடி வரேள்?" என்று மிரண்டார். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

இந்த ஆனியில் மறுபடி எக்கோ. "இதயம் நல்லா இளகியிருக்குங்க" என்றார் டாக்டர். நம்பாமல் வேறு இடத்திலும் எடுத்தேன். அதே பதில். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

போன வாரம் தொட்டியத்தில் இருக்கும் கோமதியின் தம்பி வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். வாழைத்தோப்பு மோட்டார் கொட்டகையில், காய்ந்த சருகுக்கு அடியில் என் ஸ்கூட்டர் நின்றது.

"மாமா, அக்காதான் எடுத்துட்டுப் போகச் சொன்னுச்சு. உங்களுக்காகப் பெருமாள்கிட்ட தினம் அழுதுச்சு" என்று மச்சினன் குழறினான்.

ஒரு வருடம் தெருத்தெருவாக அலைந்த ஆத்திரம் பொங்கியது. உடனே அடங்கியது. ஒரே சன்னதியில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதிருக்கிறோம்.

அன்பர்களே, கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று பெருமாளைச் சந்தேகிக்காதீர்கள். டாக்டரையும்தான். எழுந்து நடங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு விஷயம் தெரியும் என்று கோமதிக்கு இன்னும் தெரியாது. அன்று நான் சருகை இழுத்து ஸ்கூட்டரை மறுபடி மூடிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.