உறுதிமொழி வாசித்தவன்

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருவொற்றியூரில் லாரி கிளீனராக ஏறியவன், இன்று துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர்களுக்கு முதலாளி. எவன் தயவிலும் வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் மூத்த மகனைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டேன். மிச்சம் இளையவன் ஒருவன்தான். இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

அவன் காலேஜில் குடி விழிப்புணர்வுக் கூட்டம் என்று பெற்றோரையும் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தேன். கெட்டுப்போன ஈரலைத் திரையில் காட்டி டாக்டர் பேசினார். முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் மைக்கில் உறுதிமொழி வாசித்தவன் என் மகன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

அடுத்த வாரம் என் பழைய டிரைவர் இறந்துபோனார். அவர் மகனும் என் மகனும் சின்ன வயதுத் தோஸ்துகள். எங்கள் பக்கத்தில் பாடை தூக்குகிற, முன்னால் ஆடுகிற பையன்களுக்குச் சாவு வீட்டில் சரக்கு தர வேண்டும். தராவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லை என்பார்கள். என்னிடம் உழைத்தவர் சாவில் குறை வரலாமா? பந்தல், பூ, மேளம், சரக்கு எல்லாம் நானே இறக்கினேன்.

பாடை எடுக்கும் முன் டிரைவரின் மகன் அழுதுகொண்டே கப்பை நீட்டினான்.

"எங்கப்பாவுக்காக மச்சான். ஒரே வாய்."

என் மகன் என்னைப் பார்த்தான். தெருவே நின்றிருந்தது. நான் மாலையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். அவன் குடித்தான். அதோடு நிறுத்தவும் இல்லை. சாயங்காலம் நாலு பேர் தூக்கிவந்து வாசலில் போட்டார்கள்.

மறுநாள் கேட்டேன். "டாக்டரு அவ்ளோ சொன்னாரே, ஒண்ணும் மண்டைல ஏறலியாடா?"

"எல்லாம் ஞாபகம் கீது நைனா. கேளு, ஒப்பிக்கிறேன். அப்பன் பொணத்த வெச்சிகினு ஒருத்தன் கப்ப நீட்டுனா இன்னா சொல்றதுன்னு அங்க யாரும் சொல்லல. நீயும் சொல்லல."

எத்தனையோ யூனியன்காரர்களை வாயாலேயே மடக்கியவன் நான். அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன்.

நேற்று எதிர்ச் சந்தில் ஒரு சாவு. என்னிடம்தான் வந்தார்கள்.

"பசங்களுக்கு இன்னா பண்லாம் மொதலாளி?"

"பந்தலு, ஐஸ் பொட்டி, பூவு என்னுது. சரக்கு தர மாட்டேன்."

"சரக்கு இல்லாம பாடைய எவன் தூக்குவான்?"

"நான் தூக்குறேன்."

சிரித்தார்கள். சரக்கை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இருந்தாலும் சொன்ன சொல்லுக்கு முன்பக்கம் தோள் கொடுத்தேன். என் மகன் பின்பக்கம். இந்த வயதில் சுடுகாடு ரொம்ப தூரம். வழியெல்லாம் கப்புகள் கை மாறிக்கொண்டே வந்தன. தோளில் பாடை இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது.