முதலாளியம்மா செடியில் பூஞ்சை

என் மனைவியின் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்று பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன். அதனால் எதையும் எனக்குப் பனியன் கணக்கில்தான் விளக்குவாள்.

"நித்தியகல்யாணியில இருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கறாங்க சித்தப்பா. கொஞ்சூண்டு மருந்துக்கு மூட்டை மூட்டையா இலை வேணும். ஆனா அந்த இலைக்குள்ளயே பூஞ்சை குடியிருக்குது. அதுல சிலதுக்கும் அதே சரக்கு செய்யத் தெரியுமாம். செடி கம்பெனின்னா, பூஞ்சை உள்ளயே இருந்து கூலிக்குச் செஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட்."

எனக்குப் புரிந்துவிட்டது.

நான் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பின்னால் நித்தியகல்யாணி காடாகக் கிடந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று அதை வழித்தெடுக்க ஏற்பாடு ஆனது. அன்று காலையிலேயே அவள் வந்து, நல்ல இலையாகப் பறித்து அலசி, பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன். சாயங்காலத்துக்குள்ள லேப்புல சேர்க்கணும் சித்தப்பா. இது போச்சுன்னா என்ற வேலை அப்படியே நின்னுரும்" என்று சொல்லிவிட்டுத்தான் சித்தியைப் பார்க்கப் போனாள்.

பையைச் செக்கிங் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். எங்கள் மேசையில் வைத்த எதுவும் சும்மா இருக்காது. திரும்பி வந்தால் இலைகள் அத்தனையும் இஸ்திரி போட்டு, பாலி பேக்கில் அடுக்கி, 'எம்' சைஸ் ஸ்டிக்கரோடு இருந்தன.

அயர்னிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "ஈரமா இருந்துச்சுண்ணே. அப்படியே பேக் பண்ணுனா பூஞ்சை புடிச்சிரும்லா? நல்லா ஸ்டீம் குடுத்துட்டேன். இனி ஒரு பூஞ்சை அண்டாது."

"அந்தப் பூஞ்சைதானுங்க வேணும்."

"காலங்காலமா பூஞ்சைன்னு பீஸைத் தூக்கி எறிஞ்ச ஆளு பேசுத பேச்சா இது?"

பின்பக்கம் ஓடினேன். ஜேசிபி வேலையை முடித்திருந்தது. மிச்சம் இருந்தது பக்கத்திலேயே இருந்த முதலாளியம்மாவின் வீட்டு வாசல் தொட்டிகளில் மட்டும். அவரிடம் நான் இத்தனை வருடத்தில் பேசியது 'வணக்கமுங்க' மட்டும். அதையும் அவர் செருப்பைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, என்ன வேணும்?"

"நித்தியகல்யாணி இலை வேணுமுங்க."

"பூ வேணும்னா பறிச்சுக்கங்க. இலை எதுக்குங்க?"

மருந்து, ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோனது. வெளியே வந்தது கடைசி வார்த்தை மட்டும். "உள்ள பூஞ்சை இருக்குதுங்க."

தண்ணீர்க் குழாய் என் காலைப் பார்த்துத் திரும்பியது. "என்ற செடியிலயா? வாரம் தவறாம வேப்பெண்ணெய் அடிக்கறனுங்க! எந்த இலைன்னு காட்டுங்க பாக்கலாம்!"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"தெரியாததை நீங்க எப்படிப் பாத்தீங்க?"

நல்ல கேள்வி. நனைந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அதற்குள் மனைவியின் அக்கா மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். இஸ்திரி விஷயம் கேட்டு அவள் முகம் செத்துப்போனது. இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, நல்ல இலைக்குள்ளும் பூஞ்சை இருக்கும் என்று அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள். முதலாளியம்மா நம்பவில்லை. தானே பார்த்துப் பார்த்துப் பறித்தார்.

"கொண்டுட்டுப் போயி நல்லா டெஸ்ட் பண்ணு கண்ணு. ஒண்ணும் இருக்காது. அதை இவருகிட்டச் சொல்லியனுப்பு."

அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் "ரிசல்ட் வந்துதுங்களா?" என்பார். நான் டீக்குக்கூடச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

ஒரு நாள் போனில் படம் வந்தது. லேப் தட்டில் இலைத் துண்டு. சுற்றிலும் பஞ்சு போல வெள்ளை. "சூப்பரா வளந்துருக்கு சித்தப்பா! சரக்கு செய்யுதா, புற்றுநோய் செல்லைக் கொல்லுதான்னு இனித்தான் பாக்கணும். வேலை நிக்கலை, அது போதும்" என்றாள்.

அன்று நானாகவே போய் முதலாளியம்மாவிடம் போனை நீட்டினேன்.

"இது என்ற இலையா?"

"ஆமாங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மத்தவங்க செடியிலயும் வருமுங்களா?"

"வருமுங்க."

"இத்தனை வெள்ளையாவா?"

வெள்ளைத் துணியைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லீங்க."

அவர் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று உள்ளே திரும்பி முதலாளியையே கூப்பிட்டார்.

முதலாளி வெளியே வருவதற்குள், போனை அந்தம்மா கையிலேயே விட்டுவிட்டு நான் கேட்டைத் தாண்டியிருந்தேன்.