கெண்டியின் அடிப்பக்கம்

கணக்கெடுப்பில் ஒரு பொருள் குறைந்து, அதே இடத்தில் இன்னொரு பொருள் கூடியிருந்தால், குறைந்ததற்காக எவரையும் விசாரிக்கும் முன் கூடியது என்னவென்று எடுத்துப் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த இலாகாவின் விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

ஓய்வு பெற்றவர்கள் பொதுவாகக் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். நானும் சேர்ந்தேன். முதல் கூட்டத்திலேயே சங்கவிதிகளைப் படித்துக் காட்டியதால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போகிறேன். அங்கே ஜமால் என்பவர் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்கிறார். அவர் கணக்கில் மின்னுவதெல்லாம் வெள்ளி, மின்னாததெல்லாம் பியூட்டர். நான் எதையும் அப்படி நம்புவதில்லை. சட்டைப் பையில் காந்தம் வைத்திருப்பேன். காந்தம் ஒட்டினால் இரும்பு, கீழே வைத்துவிடலாம். ஒட்டாவிட்டால் விளிம்பில் சுண்டிப் பார்க்க வேண்டும். அடியில் பித்தளையோ நிக்கல் கலவையோ இருந்து மேலே வெள்ளி முலாம் பூசிய பாத்திரம் மணிபோலப் பேசும். பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம். அது ஜலதோஷம் பிடித்தவன்போல டொக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். பிறகு கைப்பிடியும் உதடும் தேய்ந்த இடத்தைப் பார்ப்பேன். மஞ்சள் எட்டிப் பார்த்தால் உள்ளே பித்தளை. கடைசியாக முகர்ந்தும் பார்ப்பேன். முகர்வதால் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், பழக்கம்.

“சார், முகந்து பாக்குறது ஃப்ரீலா. நக்கிப் பாத்தா மட்டும் வாங்கிடணும்” என்பார் ஜமால்.

அன்று அவர் ஒரு பித்தளை விளக்கைப் புளித்தண்ணீரில் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கள் இலாகாவின் விடுதியும் அதன் சமையற்கட்டும் நினைவுக்கு வந்துவிட்டன.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த விடுதி. பெரிய அதிகாரிகள் வந்து தங்கி, சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, அதற்குச் சுற்றுப்பயணம் என்று பெயர் வைத்துப் படியும் வாங்குவார்கள். அங்கே பரிமாறும் வேலையில் இருந்தவர் வேலு அண்ணன். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா வியாழக்கிழமைதோறும் சாமி விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவாராம். வேலு அண்ணனுக்குத் தெரிந்த துலக்கல் அது ஒன்றுதான். இலாகா வெள்ளிச் சாமான்களுக்கென்று டப்பாவில் பசை வாங்கிக் கொடுத்தது. நாற்றம் என்று அதை அவர் திறக்கவே இல்லை. தேநீர்க் கெண்டியை மடியில் கிடத்தி, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் சாம்பல் தேய்ப்பார். அதன் மூடியில் இருந்த குமிழ் உடைந்தபோது சிரட்டையைச் செதுக்கிப் பொருத்தியவரும் அவர்தான். கெண்டி கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். அது வரவர மங்கியது. அவரும் வரவர அழுத்தினார்.

அந்த வருடக் கணக்கெடுப்புக்குப் பெரிய கிராணியோடு, அதாவது தலைமை எழுத்தரோடு, நானும் போனேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை முழுக்கால்சட்டையின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். வெள்ளி முலாம் கெண்டி ஒன்று குறைவு என்றார். கணக்கில் இல்லாத பியூட்டர் கெண்டி ஒன்று அதிகம் என்றார். வேலு அண்ணன் அந்தப் பியூட்டர் கெண்டியைக் கையில் எடுத்து, “இதுதாங்க அது. தெனமும் நாந்தான தேய்க்கிறேன்” என்றார்.

பெரிய கிராணி தூரத்தில் இருந்தே பார்த்தார். ஈய நிறத்தில் இருந்தது. வெள்ளியை விற்றுவிட்டு, எவரும் கண்டுபிடிக்காமல் இருக்கப் பழைய குமிழை எடுத்து மலிவான கெண்டியில் மாட்டியிருக்கிறான் என்பது அவர் முடிவு. நான் விதியைச் சொன்னேன். கூடுதலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நீர் நேற்று வந்தனீர். எனக்குக் கண் இருக்கு. விதி படிப்பிக்க வேண்டாம்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. தன் கண்ணை அளவுக்கு மீறி நம்பியவர். யாரும் அந்தக் கெண்டியைத் தலைகீழாகத் திருப்பவில்லை.

வேலு அண்ணனுக்கு வேலை போயிற்று. பொருளை மாற்றியவர் என்ற குறிப்பு அவர் பெயருக்கு எதிரே ஏறியது. ஊருக்குத் திரும்பிப் பள்ளி பஸ் ஓட்டினார். வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவருக்குத் தனபால் என்று ஒரு மைத்துனர் வாய்த்தார். தீபாவளிக்குத் தீபாவளி அக்கா வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் வாங்கியதும், “இந்தக் கப்பு யாரு வூட்டுது மச்சான்?” என்பார். கூட்டம் சிரிக்கும். வேலு அண்ணனும் சிரிப்பார். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், மழை பெய்துகொண்டிருந்தாலும்.

ஜமாலின் தார்ப்பாயில், புளித்தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால், சிரட்டைக் குமிழ் வைத்த ஒரு கெண்டி இருந்தது.

கெண்டியைக் கையில் எடுத்தேன். சுண்டினேன், டொக். திருப்பினேன். இலாகாவின் முத்திரை, எண், அதன் கீழே நான்கு ஆங்கில எழுத்துகள்: இ பி பி எம். சாதாரணமாக வெள்ளி முலாம் சாமானில் இ பி என் எஸ் என்று இருக்கும். முதல் இரண்டு எழுத்து மேலே பூசிய முலாமைச் சொல்லும், கடைசி இரண்டு உள்ளே இருக்கும் உலோகத்தை. பி எம் என்றால் பியூட்டர் வகை. அதாவது பியூட்டரின் மேலேயே வெள்ளி பூசிய கெண்டி. மூக்கு உடலோடு சேரும் இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. பியூட்டர் சாம்பல் நிறமாகும், இப்படி மைபோல் கறுக்காது. வெள்ளிதான் கறுக்கும். கைக்குட்டையால் தொட்டுத் துடைத்தேன். உள்ளே வெள்ளி பளிச்சென்றது. வேலு அண்ணனின் விரல் புகாத ஒரே இடம்.

விடுதியிலிருந்து காணாமல் போனது வெள்ளி மட்டுந்தான். அது புளித்தண்ணீரோடு சாக்கடையில் போயிருக்கிறது.

கெண்டியை ஜமால் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்கு நேராகக் காரை விட்டேன். வேலு அண்ணனுக்கு எண்பதை ஒட்டிய வயது. கெண்டியை வாங்கி மடியில் கிடத்தினார், அதே மாதிரி. நான் எல்லாவற்றையும் விளக்கி முடித்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

“சரோஜா, கொஞ்சம் புளி கொண்டா.”

“அண்ணே, தயவுபண்ணித் தொடாதீங்க” என்றேன். “மிச்சம் இருக்கிற வெள்ளிதான் நமக்குச் சாட்சி.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “அப்ப நாந்தான் தேச்சுத் தேச்சு...” என்று சொல்லி நிறுத்தினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சரோஜா அக்காவுக்கு வரவில்லை. “தீபாவளிக்குள்ள ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க தம்பி. என் தம்பி முன்னால அத வைக்கணும்” என்றார்.

எழுதினேன். அடிப்பக்கத்தின் படம், இடுக்கின் படம், விதியின் எண், எல்லாம் இணைத்து இலாகாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். பதில் வராத கடிதத்துக்கு எப்படி நினைவூட்டுவது என்று அந்த இலாகாவின் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எப்படி அதற்குப் பதில் போடாமல் இருப்பது என்பதையும் என்னிடமேதான் கற்றிருக்கிறார்கள். நேரில் போனேன். முகப்பில் இருந்த பெண், சம்பந்தப்பட்ட விடுதி தங்கள் பட்டியலில் இல்லையே என்றாள். இல்லைதான். அதை இடித்தபோதுதான் கெண்டியும் பழைய சாமானோடு சந்தைக்கு வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, வராந்தா இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பெரிய கிராணி காலமாகிவிட்டார். வெள்ளிப் பசை டப்பாவின் நாற்றம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. விடுதி இல்லாவிட்டாலும் குறிப்பு இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த நினைவூட்டலை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

தீபாவளி வந்தது. கடிதம் வரவில்லை. வெறுங்கையோடு போய் நின்றேன். சரோஜா அக்கா என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வேலு அண்ணன் கெண்டியில் தேநீரோடு வந்து, தனபாலுக்கு முன்னால் வைத்து ஊற்றினார். மூக்கின் அடியில் லேசாக ஒழுகியது.

தனபால் குமிழைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல், “இந்த டீ பாட் யாரு வூட்டுது மச்சான்?” என்றார்.

“கவர்மெண்டு வூட்டுது. மொதல்ல குடி. அப்புறம் திருப்பிப் பாரு.”

குடித்தார். திருப்பினார். எழுத்துக்கு அர்த்தம் கேட்டார். நான் தேவைக்கு அதிகமாகவே சொன்னேன். இடுக்கில் இருந்த வெள்ளியை அவர் நகத்தால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. கெண்டியை நிமிர்த்தி மேசையில் வைத்து, கப்பை வேலு அண்ணன் பக்கம் நீட்டினார்.

“இன்னொரு கப்பு ஊத்துங்க மச்சான்.”

அன்று வேலு அண்ணன் பின்கட்டுக்குப் போகவில்லை.

பதிலும் வந்தது. குறிப்பு நீக்கப்பட்டுவிட்டது, குறைவு இல்லை என்று திருத்தப்பட்டுவிட்டது, கெண்டி அரசாங்கச் சொத்தாகையால் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தார்கள். ஒப்படைப்பதற்கும் ஒரு விதி உண்டு: எந்த விடுதியில் எடுக்கப்பட்டதோ அந்த விடுதியில்தான் ஒப்படைக்க வேண்டும். இடத்தைக் காட்டும்படி கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் கடிதம் என் கைக்கு வந்தது தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, முறுக்கு டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, ஒரு திங்கட்கிழமை.