மூன்றாவது வாளி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. உப்பளத்துக்காரர்கள் கும்பிட்டு வரவேற்கிற வெயில். அந்த வெயிலில் எங்கள் தெருவே வெள்ளத்துக்குப் பயந்து மாடி ஏறிக்கொண்டிருந்தது.

ஒருவர் தலையில் அரிசி மூட்டை. ஒருவர் தோளில் கேஸ் சிலிண்டர். எதிர்வரிசை முத்துராஜ் தன் ஆட்டோவை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தான்.

யார் கிளப்பிவிட்டது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... என் வீட்டு வாளிகள்.

தூத்துக்குடிக்காரர்களுக்குப் புயல் என்றால் அது ஒரு நம்பர். துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்போம். "மூணுதானா? அப்ப மீன் வாங்கிட்டு வந்துரலாம்" என்று கிளம்பிவிடுவோம். ஆனால் அந்தக் கூண்டு கப்பலுக்குச் சொல்கிற சேதி. தரையில் பீரோ வைத்திருக்கிறவனுக்கு அது ஒன்றும் சொல்லாது.

இதைச் சில வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் புகுந்த பெரிய வெள்ளத்தில்தான் புரிந்துகொண்டோம். தண்ணீர் உள்ளே வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? டிவி ரிமோட்டைப் பத்திரமாக மாடிக்குக் கொண்டுபோனேன். டிவி கீழே மிதந்துகொண்டிருந்தது.

நான் சிரிக்கலாம். எதிர்வீட்டு மைக்கேல் அண்ணாச்சியால் முடியாது. துறைமுக லாஞ்சுகளில் சாரங்காக, அதாவது படகை ஓட்டுகிற தலைவராக, முப்பது வருஷம் இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்கு மாடியும் இல்லை. அன்று கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியபோது, அவர் மனைவி ரீட்டா அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். திரேஸ்புரத்து மீனவர்களின் வள்ளம் ஒன்று தெருவுக்குள் நுழையும் வரைக்கும் அப்படியே நின்றார்.

தண்ணீர் வடிந்ததும் நான் அண்ணாச்சிக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "இனி தண்ணி வந்தா, முதல் ஆளா நீங்கதான் எங்க மாடிக்கு."

வாக்கை நிறைவேற்ற ஒரு திட்டம் வேண்டாமா? எங்கள் மொட்டை மாடியில் பழைய ஆன்டெனா பைப் ஒன்று நிற்கிறது. அதில் சிவப்பு வாளிகளை மாட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு வாளி ஏறினால் போன், டார்ச் எல்லாம் சார்ஜ். இரண்டு ஏறினால் குடிதண்ணீர் பிடித்து, பத்திரங்களைப் பாலிதீன் பையில் கட்டவேண்டும். மூன்று ஏறினால் மாடி. அண்ணாச்சி முதலில்.

தெரு சிரித்தது. முத்துராஜ், "சார், நாலாவதா குடத்தை ஏத்துனா என்ன பண்ணணும்?" என்று கேட்டான். ஆனாலும் இரண்டு மழைக்கு வாளி சரியாகவே சொன்னது. அதற்கப்புறம் எல்லோரும் காலையில் எழுந்ததும் எங்கள் மாடியைத்தான் பார்த்தார்கள்.

அத்தோடு நிறுத்தினேனா? பெரிய நீல டிரம் ஒன்று வாங்கினேன். அரிசி, தண்ணீர் கேன், கயிறு, டார்ச், மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு லைஃப் ஜாக்கெட் — ஒன்றே ஒன்று. "யாருக்கு?" என்று என் மனைவி எஸ்தர் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். வெள்ளத்துக்கு எட்டாமல், கைக்கு எட்டுகிற மாதிரி, மாடிப்படி திரும்புகிற இடத்தில் டிரம்மை வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நான் உள்ளே உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதுகிற இந்தப் பத்திக்கு விஷயம் தேடிக்கொண்டிருந்தேன். ரீட்டா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி! மூணு வாளி தொங்குது, நீங்க என்னன்னா உக்காந்து எழுதிக்கிட்டிருக்கீய! வாங்க, அவுகளைத் தூக்கணும்!"

எட்டிப் பார்த்தேன். மூன்றும் தொங்கின. நான் ஏற்றவில்லையே? ஆனால் யோசிக்க நேரமில்லை. அந்தப் பெரிய வெள்ளமும் மழை ஓய்ந்த பிறகுதான் வந்தது. மேற்கே குளம் உடைந்தால் இங்கே வெயிலடித்தாலும் தண்ணீர் வரும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஓடினோம். கைவைத்த நாற்காலியில் அண்ணாச்சியை உட்காரவைத்து, நான், முத்துராஜ், இன்னும் இரண்டு பேர் தூக்கினோம். அண்ணாச்சி விடுவாரா? சாரங்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

"ஏலே முத்து, உன் பக்கம் சாயுது, தூக்குலே! எழுத்தாளரே, பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்காதேயும்வே, நல்லாப் பிடியும்!"

ஏழு படி ஏறினோம். திரும்புகிற இடம் வந்தது. நாற்காலி டிரம்மில் இடித்து நின்றது.

முன்னால் போகவில்லை. நாற்காலிக் கால் டிரம்முக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே சிக்கியதால் பின்னால் இறங்கவும் வழியில்லை. டிரம்மைத் தள்ளினால் அசையவில்லை. அதை அங்கேயே வைத்து நிரப்பியவன் நான். நிரப்பிய பிறகு யாராவது நகர்த்த வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. அண்ணாச்சியின் கால் கைப்பிடிச் சுவரில் அழுந்தியது. ரீட்டா அக்கா கீழே நின்று வாசலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது மீன் பையோடு எஸ்தர் உள்ளே வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"மூணு வாளி..."

"ஐயோ, காக்கா எச்சமா இருந்துதுன்னு கழுவிக் காயப்போட்டிருக்கேன்!"

நாற்காலியைப் பிடித்திருந்த எட்டுக் கைகளும் ஒரே நேரத்தில் தளர்ந்தன. முத்துராஜ் முதலில் சிரித்தான். பிறகு தெரு சிரித்தது. நானும் சிரிக்க முயற்சி செய்தேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.

"வெயில்லயே சிக்கிட்டேன்வே. தண்ணி பின்னாலயே வந்திருந்தா?"

நான் டிரம்மின் மூடியைத் திறந்தேன்.

டிரம்மைக் காலி செய்த பிறகுதான் அவரை இறக்க முடிந்தது. உள்ளே இருந்ததைக் கேளுங்கள். அரிசியில் வண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. டார்ச்சின் பேட்டரி பொங்கி வழிந்திருந்தது. மெழுகுவத்தி இருபது... தீப்பெட்டி இல்லை.

வெள்ளத்தைச் சமாளிக்கிற ஏற்பாடு எல்லாம் என்னிடம் இருந்தது. ஓர் ஆள் மாடிக்குப் போக வழி மட்டும்தான் இல்லை. நம் வீடுகளில் ஆபத்துக்கு என்று வாங்குகிற பொருளெல்லாம் ஆபத்தில் ஓடவேண்டிய வழியில்தானே உட்கார்ந்திருக்கிறது? ஒருமுறை தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். வெயில் அடிக்கும்போதே.

அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு முறை அண்ணாச்சியைத் தூக்கி ஏற்றி இறக்கினோம். எந்தப் படியில் யார் கை மாற்றுவது என்று அவரே வகுத்துக் கொடுத்தார். எப்போது எந்த வாளி ஏற்றுவது என்ற அதிகாரத்தையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். நியாயம்தான். காற்றைப் படித்தவர் அவர். நான் காற்றில் எழுதுகிறவன்.

சனிக்கிழமை மழை பிடித்தது. மத்தியானம் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "மூணாவதை ஏத்தும்வே!"

ஒரு டீ ஆறுவதற்குள் அண்ணாச்சி எங்கள் மாடியில் இருந்தார். நாற்காலி எங்கேயும் இடிக்கவில்லை. அவர் மேலே போய் அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டியது. முழங்காலளவு வந்து, ஞாயிறு காலையில் வடிந்தது. ரீட்டா அக்கா இந்த முறை எங்கள் அடுப்படியில் நின்று, எஸ்தர் வைத்த மீன்குழம்பில் புளி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் மாடிப்படியில் இப்போது ஒரு செருப்புகூடக் கிடையாது. நான் செய்த முன்னேற்பாடுகளில் உருப்படியானது அதுதான்.

லைஃப் ஜாக்கெட் யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை தூக்குவதற்கு முன்னால் ரீட்டா அக்கா அதை அண்ணாச்சிக்கு மாட்டிவிட்டார். படியேறும் வரை அவர் புலம்பிக்கொண்டே வந்தார்: "முப்பது வருஷம் கடல்ல போடாதவனை, மாடிப்படியில போட வச்சிட்டாளே!"