நல்ல தண்ணிக் கிணறு

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு காணி இருக்கிறது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரர்கள் சேர்ந்து அவர்களிடம் கேட்டு, பற்றை வெட்டி, அதைப் பொதுத்தோட்டமாக்கினார்கள். நான் கலியாணம் முடித்து இங்கே வந்தபோது அந்தத் தோட்டத்துக்கு ஒரு வயது. புத்தூருக்குக் கிட்டிய செம்மண் நிலம். மழை பெய்தால் மண் செருப்போடு வீட்டுக்குள் வந்து சீமெந்துத் தரையில் காய்ந்து கிடக்கும்.

தோட்டத்தின் நடுவில், தோட்டத்துக்கு முன்னரே ஒழுங்கை குடித்துவந்த பழைய கிணறு. நான் வளர்ந்தது கடற்கரைப் பக்கம். அங்கே எங்கள் கிணறு சவர், உப்புத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வெளியே போக வேண்டும். இங்கே வந்த கிழமையே மாமி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வாளியில் அள்ளி என் கையில் ஊற்றினார்.

"குடிச்சுப் பாரும் பிள்ளை. சீனி போட்ட மாதிரி இருக்கும். எங்கடை வீட்டுக் கிணறு கொஞ்சம் உவர். ஒழுங்கையிலை எல்லாரும் குடிக்கிறதுக்கு இதுதான். நல்ல தண்ணி."

உண்மையிலேயே இனித்தது. யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணீர். நான் பல்கலைக்கழகம் வரை படித்தவள். அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தோட்டத்து வேலை முறை வைத்து நடக்கும். தை பிறந்ததும் வெங்காயம் நடுவோம். பங்குனியில் கிண்டுவோம். அதன்பிறகு கத்தரி, மிளகாய், கீரை. இறைக்கிற நாளில் யாருடைய முறையோ அந்த வீட்டில் இருந்து ஒருவர் மண்வெட்டியோடு நின்று ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். இறைக்கிற மெசின் எதிர்வீட்டு அண்ணையுடையது. ஆகவே எதை நடுவது, எவ்வளவு பசளை போடுவது என்பதெல்லாம் அவர் சொன்னபடி நடக்கும். வெங்காயம் கிண்டிய பிறகு பெண்கள் மாமரத்தின் கீழே இருந்து பிடிபிடியாகக் கட்டுவோம். நான் கட்டிய பிடிகள் அவிழ்ந்துபோகும்.

"கம்பஸிலை உது படிப்பிக்கேல்லையே?" என்று எதிர்வீட்டு அக்கா, அந்த அண்ணையின் மனைவி, கேட்பார். "தாரும் இஞ்சை. உம்மடை கட்டோடை சந்தைக்குப் போனால் சுன்னாகம் மட்டும் றோட்டெல்லாம் வெங்காயம்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்குப் போன பிறகுதான் அது கேலியா, குறையா என்று யோசிப்பேன்.

தட்டுப்பாட்டு வருடத்தில் யூரியா கிடைக்கவில்லை. முதல் போகத்து வெங்காயம் கொட்டைப்பாக்கு அளவுக்கும் வரவில்லையாம். "கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உரிச்சனாங்கள்" என்று அண்ணை அதைப் பகிடியாகச் சொல்வார். பிறகு யூரியா வந்தது. நான் பார்க்க அவர் ஒவ்வொரு பாத்திக்கும் எறிகிற அளவை எறிந்துவிட்டு, நாலடி போய், திரும்பிவந்து இன்னொரு பிடி எறிவார்.

"அதுகள் பசி கிடந்ததுகள்" என்பார்.

மகள் ஆவணியில் பிறந்தாள். சத்திரசிகிச்சை. எனக்குப் பால் போதவில்லை. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் "குடுக்கக் குடுக்கத்தான் பால் ஊறும்" என்று சொன்னார். கொடுத்தேன். பிள்ளை இழுத்து இழுத்துக் களைத்து அழுதாள். கடைசியில் பால்மாவைக் கரைத்து மாப்பால் தொடங்கினோம். தாய்ப்பால் கொடுக்க முடியாதவள் என்ற எண்ணம் மனதில் கிடந்ததால், மற்ற எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்யவேண்டும் என்று நினைத்தேன். போத்தலை அவித்தேன். வீட்டுக் கிணற்றில் அள்ளாமல், தோட்டத்துக் கிணற்றில் இருந்து நல்ல தண்ணி எடுப்பித்தேன். அதையும் ஒரு கொதியில் இறக்கமாட்டேன். கொதித்துப் பாதியாக வற்றவிட்டு, வடித்து, பிளாஸ்கில் ஊற்றிவைப்பேன். மாமிக்கு என்னில் பெருமை. "அவ்வளவு துப்பரவு" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. கோடையில் அடியில் கிடந்த தண்ணீர் கிணற்றுக் கட்டுவரைக்கும் வந்துவிட்டது. குனிந்து கையாலேயே அள்ளலாம். மாலையில் எல்லோரும் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் காட்டினேன்.

மார்கழியில் அவளுடைய உதடுகள் நிறம் மாறின. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். யன்னல் வெளிச்சத்தில் அவள் நகத்துக்குப் பக்கத்தில் என் நகத்தை வைத்துப் பார்த்தேன். அவளுடையது சாம்பல் படிந்த நீலம்.

"பனிக் குளிர் பிள்ளை. சுத்தி வையும்" என்றார் மாமி.

சுற்றினேன். கம்பளித் தொப்பி போட்டேன். இரண்டு நாள் போனது. அவள் அழுவது குறைந்தது. அதற்கு முன்னர், அமைதியான பிள்ளை என்று எல்லோரும் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டாள். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. நான் கூப்பிட்ட சத்தத்தில் கணவர் குளித்த ஈரத்தோடு ஓடிவந்தார். எதிர்வீட்டு அண்ணைதான் தன்னுடைய ஓட்டோவில் எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க ஹோணில் இருந்து கையை எடுக்கவில்லை.

அவளுடைய கையில் இருந்து எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை. சொக்லேற் நிறம். வைத்தியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். என் வயது இருக்கும்.

"மாப்பால் குடுக்கிறனீங்களோ?"

"ஓம்."

"என்ன தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?"

"நல்ல தண்ணி."

"நல்ல தண்ணியெண்டால்?"

"சவரில்லை, டொக்ரர்" என்றேன்.

"எங்கத்தைக் கிணறு? தோட்டக் கிணறோ?"

கணவர் ஓம் என்றார். வைத்தியர் அப்போதே தாதியிடம் மருந்து எடுக்கச் சொன்னார். அதுவும் நீல நிறம், மைபோல. ஊசியால் நரம்புக்குள் ஏற்றினார்கள். ஏற்கெனவே நீலமாகிக் கிடக்கிற பிள்ளைக்கு நீல மருந்தா என்று நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். பின்நேரம் அவளுடைய உதடுகளில் சிவப்பு வந்தது. துணி மாற்றும்போது நனைத்திருந்த சலம் பச்சையாக இருந்தது. நான் கத்திவிட்டேன். தாதி வந்து பார்த்து, "அது மருந்தின்ரை நிறம் அம்மா, போயிடும்" என்று சொன்னார்.

அடுத்த நாள் வைத்தியர் இருந்து விளங்கப்படுத்தினார். பயிருக்குப் போடுகிற பசளை மழையோடு நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும். நைத்திரேற்று என்று அதற்குப் பெயர். எங்கள் நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல், அதிலே எல்லாம் வெடிப்பு, எதையும் தடுத்து வைக்காது. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் இரத்தம் அதைத் தாங்காது, மூச்சை உடம்புக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடும். அதற்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை.

"நான் நல்லாக் கொதிக்க வைக்கிறனான்" என்றேன். "பாதியா வத்தும் மட்டும்."

"கொதிச்சால் கிருமி சாகும். உது சாகாது. தண்ணிதான் வத்தும். மிச்சத்திலை உது தடிச்சுப்போம்" என்றார். பிறகு, "உங்களுக்கு ஆர் சொல்லியிருப்பினம்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்தை நான் பல தடவை நினைத்திருக்கிறேன். மிச்சத்தில் தடித்துப்போகும் என்ற முதலாவதைத்தான் நம்புகிறேன்.

தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி உரிய இடத்தில் போய்ச் சொன்னோம். வருகிறோம் என்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. ஆகவே அந்தக் கிணறுதான் என்று ஒரு தாளில் எழுதி யாரும் எனக்குத் தரவில்லை. நாங்கள் கடையில் வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்கத் தொடங்கினோம். மகள் தேறினாள். அவளுடைய உதடுகளைப் பார்க்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நித்திரையில் இருப்பவளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறேன்.

தையில் வெங்காயம் நடுகிற நாள் வந்தது. பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். மாமரத்தின் கீழே எதிர்வீட்டு அண்ணையின் மகள் இருந்து விதை வெங்காயம் நுள்ளிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், வயிறு இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர். அந்த வயிற்றைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அண்ணை பசளைப் பையை வெட்டுகிற நேரத்தில் வைத்தியர் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்கள் இவ்வளவு பேரும் நஞ்சு குடிச்சே, பிள்ளை, வளந்தனாங்கள்?"

"அப்பிடி இல்லை அண்ணை. பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாதாம். கைக்குழந்தையளுக்குத்தான்..."

"இவளும் உந்தத் தண்ணியிலைதான் வளந்தவள். பாரும், என்ன நீலமோ பச்சையோ?"

மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "கடல் பக்கத்தாக்களுக்கு நல்ல தண்ணி ஒத்துக்கொள்ளாதாக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பசளையையாவது கொஞ்சம் குறைச்சுப் போடுவம் அண்ணை."

"குறைச்சு என்ன வந்ததெண்டு அந்த முறை கண்டனாங்கள். உமக்கு வெங்காயம் வேண்டாமெண்டால் சொல்லும், உம்மடை பாத்தியை விட்டுட்டுப் போடுறன்."

என் கணவர் வாய்க்காலில் நின்றார். "அண்ணை, பிழையா எடுக்காதையுங்கோ. அவ பயந்துபோனா" என்றார். வீட்டுக்கு வரும் வழியில், "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினதே அந்த மனுசன்தான். அவரை ஏன் எல்லாருக்கும் முன்னாலை வைச்சுக் கேட்டனீர்?" என்றார். அவர் சொன்னது சரி. தனியாகப் போய்ச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ தெரியாது. அன்று எங்கள் பாத்திகளுக்கும் சேர்த்துத்தான் அண்ணை எறிந்தார். நாலடி போய், திரும்பிவந்து, இன்னொரு பிடி.

மாசியில் அந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பங்குனியில் முப்பத்தோராம் நாள் சடங்கு. துடக்குக் கழித்து, குழந்தையைத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் முழுகவார்த்து, ஒழுங்கையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நான் ஒரு சட்டையும், கடையில் நிரப்பிய ஒரு கான் தண்ணீரும் கொண்டுபோனேன்.

"தண்ணியோ?" என்றார் அக்கா வாசலில். "எங்கடை வீட்டிலை தண்ணிக்குப் பஞ்சமே பிள்ளை?" சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். உள்ளே கொண்டுபோனார்.

அறைக்குள் அக்காவின் மகள் குழந்தையோடு இருந்தாள். மெலிந்திருந்தாள். நான் கிட்ட இருந்ததும் மெதுவாக, "பால் காணாது அக்கா. மாப்பாலும் குடுக்கிறன்" என்றாள்.

"தண்ணி?"

"அம்மாதான் கொதிக்க வைச்சுத் தாறா. நல்லா வத்த வைச்சுத்தான். நீங்கள் செய்யிற மாதிரி எண்டு சொன்னவ."

மேசையில் பிளாஸ்க் இருந்தது. நான் அவளுக்கு எல்லாவற்றையும் மீண்டும் சொன்னேன், இந்தமுறை காதோடு. அவள் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "நீங்கள் கொண்டுவந்ததிலை கரைப்பமோ?" என்றாள். நான் பிளாஸ்கை எடுத்து, யன்னலால் வெளியே வாழையடியில் ஊற்றினேன். கானை எடுக்கக் குசினிக்குப் போனேன்.

கான் வெறுமையாகச் சுவரோடு கிடந்தது. பெரிய வாளியில் வந்தவர்களுக்குச் சர்பத் கரைத்திருந்தார்கள். "கடைத் தண்ணிதானே, ஆக்களுக்குக் குடுக்க நல்லதெண்டு விட்டனான்" என்றார் அக்கா.

அதற்குள் குழந்தை பசித்து அழத் தொடங்கிவிட்டது. நான் வீட்டுக்கு ஓடினேன். எங்களுடைய கானில் இருந்ததை ஒரு போத்தலில் வார்த்து, மாமி என்ன ஏது என்று கேட்கக் கேட்க, திரும்பி ஓடிவந்தேன். ஒழுங்கையில் ஓடும்போது அழுகை கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்றார். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலில் இருந்து இன்னும் ஆவி போனது.

"ஆர் பிளாஸ்கை ஊத்தினது?" என்று அக்கா கேட்டார். யாரையும் குறித்துக் கேட்கவில்லை. "நல்ல நாளிலை பிள்ளையைப் பசி கிடத்திக்கொண்டு."

நான் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். அக்காவின் மகள் என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்ததைப் பார்த்தாள், பிறகு குழந்தையின் வாயில் இருந்து பால் போத்தலின் சூப்பியை இழுத்து எடுத்தாள். குழந்தை வீரிட்டது. வெளியில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி செய்யிறாய்?" என்றார் அக்கா.

அவள் பால் போத்தலைக் கையில் வைத்திருந்தாள். குழந்தையின் முகம் அழுது சிவந்தது. பிறகு குனிந்து, சூப்பியைத் திரும்பவும் அதன் வாயில் வைத்தாள்.